சேர்ந்து படைக்கத் தொடங்குமுன்: ஆவணம், செலவு, காலம்

ஒரு கதையை நீங்கள் எழுத, இன்னொருவர் படம் வரைய, மூன்றாமவர் பக்கம் அமைக்க, நூலாகக் கொண்டுவருவது என்று பேசி வைத்திருக்கிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. பாட்டு, குறும்படம், நாடகம் என்று வேறு எதைச் சேர்ந்து செய்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்; ஆனால் எனக்குப் பழக்கமான படக்கதை நூலையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கூட்டுப் படைப்பைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஏராளம். முதலில் எதை எழுதி வைக்க வேண்டும், எது எத்தனை நாள் பிடிக்கும், எந்தச் செலவு யார் கையிலிருந்து போகும் என்று சொல்பவர்கள் குறைவு. இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து, சட்டப் பிரிவுகளைப் புரட்டி, பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒப்பந்தம் எழுதி நாங்கள் பட்ட அலைச்சல் அடுத்து வருபவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இருவர் சேர்ந்தால் கருத்து மோதல் வரும். வர வேண்டும், அதற்காகத்தான் சேர்கிறோம். பணம், பெயர், உரிமை ஆகிய மூன்றும் முதலிலேயே தாளில் ஏறிவிட்டால், பிற்பாடு வரும் வாக்குவாதம் முழுவதும் படைப்பைப் பற்றியதாக இருக்கும். அவை ஏறாவிட்டால், ஒரு படத்தின் நிறத்தைப் பற்றிப் பேசும்போதுகூடப் பங்குத் தொகை அடியில் உறுத்திக்கொண்டே இருக்கும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்துக்கானவை.

1. கூட்டாளி வேண்டுமா, ஊதியத்துக்கு வேலை செய்பவர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

கதை, காட்சி, நிறம், பக்க எண்ணிக்கை அனைத்தையும் நீங்களே மனத்தில் முடித்துவிட்டு, அதை வரைந்து தர ஒரு கை மட்டும் தேவை என்றால், அது ஊதியம் கொடுத்துப் பெற வேண்டிய வேலை. அதில் குறைவொன்றும் இல்லை. தொகை பேசி, முன்பணம் கொடுத்து, வேலை முடிந்ததும் மீதியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதற்குக் கூட்டு முயற்சி என்று பெயர் சூட்டி, விற்றால் பங்கு தருவதாகச் சொல்லி இலவசமாக வரையச் சொல்வது, நாகரிகமாகச் சொன்னாலும், ஏமாற்றுதான்.

எது கூட்டு என்பதை ஒரு பக்கத்தைக் கொண்டு காட்டுகிறேன். எங்கள் நூலில் ஒரு சிறுமி இடிக்குப் பயந்து மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. எழுத்தில் அது ஐந்து வரி: இடி, மின்னல், அவளுடைய நடுக்கம், நனைந்து வீடு திரும்பும் அம்மா தேடுவது, பெயர் சொல்லி அழைப்பது. ஓவியர் கொண்டுவந்த கோட்டுப்படத்தில் சிறுமியே இல்லை. மேசைக்கடியிலிருந்து அவள் கண்ணுக்குத் தெரிவதுதான் படம்: மேசையின் கால்கள், தரையில் விழுந்த மின்னல் வெளிச்சம், வாசலில் வந்து நிற்கும் இரண்டு ஈரப் பாதங்கள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஐந்து வரியும் மிகையாகிவிட்டன. நெடுநேரம் வாதிட்ட பிறகு எஞ்சியது அம்மாவின் அழைப்பு மட்டுமே. எழுதியவர் தனியாக அந்தப் பக்கத்தை வந்தடைந்திருக்க முடியாது. ஒளிந்துகொள்ளும் சிறுமி எழுத்தில் இல்லாமல் ஓவியரும் மேசைக்கடியில் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: மற்றவர் தக்க காரணம் காட்டினால், உங்களுக்குப் பிடித்த பத்தியை நீக்க நீங்கள் தயாரா? தயார் இல்லை என்றால் ஊதிய ஒப்பந்தம் போடுங்கள். இருவருக்கும் அதுவே நல்லது.

2. முழு வேலைக்கு முன் ஒரு சிறு துண்டைச் செய்து பாருங்கள்

எதிரெதிரான இரண்டு பக்கங்கள் கொண்ட ஒரு விரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்து, கோட்டுப்படம், வண்ணம், பக்க அமைப்பு என்று அச்சுக்குப் போகும் நிலைவரை கொண்டுசெல்லுங்கள். பாட்டு என்றால் ஒரு பல்லவி; குறும்படம் என்றால் ஒரே ஒரு காட்சி. இதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம். ஒருவர் திருத்தத்தை எப்படி ஏற்றுக்கொள்கிறார், சொன்ன நாளில் தருகிறாரா, தர முடியாவிட்டால் முன்கூட்டித் தெரிவிக்கிறாரா என்பதெல்லாம் இந்த மூன்று வாரத்திலேயே தெரிந்துவிடும். திறமையைப் பழைய வேலைகளைப் பார்த்து அறியலாம். இவற்றை அறிய வேறு வழியில்லை.

தொடங்குமுன் ஒரு மின்னஞ்சலில் மூன்று செய்திகளை எழுதி, இருவரும் ‘சம்மதம்’ என்று பதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் துண்டுக்குப் பணம் உண்டா இல்லையா, கூட்டு அமையாவிட்டால் எழுத்து எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் திரும்பும், மற்றவருடைய பகுதியை யாரும் வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது. பிரிந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பிரிகிறார்கள். மனக்கசப்பின்றிப் பிரிய இந்த மூன்று வரி போதும்.

யோசனை சேர்ப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாய்க்கு வந்ததைச் சொல்வதுதான் கூட்டுச் சிந்தனை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. யேல் பல்கலைக்கழகத்தின் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகிய மூவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றாக அமர்ந்து யோசித்த நால்வர் குழுக்களைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைப் பிறகு ஒன்றுசேர்த்தபோது கூடுதல் யோசனைகள் கிடைத்தன. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கிறார். முதலில் சொல்லப்பட்டதை ஒட்டியே அடுத்தவர் மனமும் ஓடுகிறது. எனவே ஒவ்வொருவரும் தனியாக எழுதிக்கொண்டு வந்து, பிறகு மேசையில் வையுங்கள். சேர்ந்து உட்கார வேண்டியது தேர்ந்தெடுக்கவும் மாற்றவும்தான்.

3. ஒப்பந்தத்தை எழுதுங்கள்

துண்டு வேலை நன்றாக அமைந்த வாரத்திலேயே, மகிழ்ச்சி குறையாமல் இருக்கும்போதே, இதைச் செய்ய வேண்டும். நண்பர்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் இத்தொழிலின் மிகப் பழைய பொறி. நூல் விற்காவிட்டால் ஒப்பந்தமே தேவைப்படாது. விற்றால்தான் தேவைப்படும், அப்போது எழுத உட்கார்ந்தால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுவது நல்லது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், படைப்பு உருவானவுடனேயே, பதிவு ஏதும் இல்லாமலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் அந்த உரிமை எழுதப்பட்ட, வரையப்பட்ட வடிவத்துக்குத்தான்; வெறும் யோசனைக்குக் கிடையாது. ‘கரு என்னுடையது, ஆகவே பாதி உரிமை எனக்கு’ என்று ஒருவர் சொன்னால், தாளில் அப்படி எழுதாத வரையில் அது செல்லுபடியாவது கடினம்.

அடுத்தது, கூட்டுப் படைப்பு என்ற பெயரிலேயே நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஒருவர் பங்களிப்பை மற்றவர் பங்களிப்பிலிருந்து தனியே பிரித்துக் காட்ட முடியாதபோதுதான் அது கூட்டு ஆசிரியப் படைப்பு. இருவர் ஒரே நாவலைச் சேர்ந்து எழுதினால் அது பொருந்தும். படக்கதை நூலில் எழுத்தும் படமும் தனித்தனியே தெரிவதால், எழுத்தின் உரிமை எழுதியவரிடமும் படத்தின் உரிமை வரைந்தவரிடமும் நிற்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. அமெரிக்கச் சட்டமோ, பகுதிகளை ஒரே முழுமையாக இணைக்கும் நோக்கம் படைக்கும்போது இருந்ததா என்று பார்க்கிறது. கூட்டு உரிமையாளர் ஒருவர், பிரத்தியேகமல்லாத உரிமத்தை (ஒருவருக்கு மட்டும் என்று கட்டுப்படாத அனுமதியை) மற்றவரைக் கேட்காமலேயே அங்கு வழங்கலாம், வரும் வருவாயில் பங்கு கொடுத்தால் போதும். பிரிட்டனில் எல்லா உரிமையாளர்களின் இசைவும் வேண்டும். கூட்டாளிகள் இருவரும் வெவ்வேறு நாட்டில் இருந்தால், எந்த நாட்டுச் சட்டப்படி இந்த ஒப்பந்தம் நடக்கும் என்ற ஒரு வரியை எழுதாமல் விடாதீர்கள்.

உரிமையை ஒருவர் மற்றவருக்கு எழுதிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தாக வேண்டும். இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். கூட்டு ஆசிரியப் படைப்பின் பதிப்புரிமைக் காலம் கடைசியாக மறையும் ஆசிரியரின் இறப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது: இந்தியாவில் 60 ஆண்டு, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 70 ஆண்டு. அவ்வளவு நீண்ட காலத்தில் உங்கள் இருவரின் வாரிசுகளும் ஒருவரையொருவர் தேடிக் கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே ஒருவர் மறைந்தால் அனுமதி தரும் அதிகாரம் யாரிடம் போகும் என்பதையும் எழுதுங்கள். சங்கடமான வரிதான், ஒரே நிமிடத்தில் எழுதிவிடலாம்.

ஒப்பந்தம் நான்கு பக்கத்துக்கு மேல் போக வேண்டிய அவசியமில்லை. அதில் இடம்பெற வேண்டியவை: இருவரின் சட்டப்படியான பெயரும் முகவரியும், படைப்பின் தற்காலிகத் தலைப்பும் ஒரு பத்தி விவரமும், யார் எதைச் செய்கிறார், கூட்டுக்கு முன்பே ஒருவரிடம் இருந்த பாத்திரங்கள், ஓவியங்கள், மெட்டுகள் ஆகியவற்றின் பட்டியல், உரிமை யாரிடம், பங்கு வீதம், செலவு, பெயர் போடும் முறை, மொழிபெயர்ப்பு, ஒலிநூல், அசைபடம், பொம்மை போன்ற பிற வடிவங்களுக்கு யார் இசைவு தர வேண்டும், அடுத்த பாகத்தை ஒருவர் மட்டும் செய்யலாமா, விலகினால் என்ன. முன்பே இருந்தவற்றின் பட்டியலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து ஆண்டாக வரைந்துவந்த ஒரு பூனைப் பாத்திரத்தை ஓவியர் இந்த நூலுக்குள் கொண்டுவந்தால், நூலுக்குப் பிறகு அந்தப் பூனை யாருடையது என்பது இந்தப் பட்டியலில்தான் தீர்மானமாகும்.

இயற்றறிவு அல்லது செயற்கை நுண்ணறிவு என்று நாம் சொல்லும் கருவிகளைப் பற்றியும் இப்போது ஒரு வரி தேவை. எந்தக் கட்டத்தில், எதற்காகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தினால் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று எழுதுங்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பதிவு விண்ணப்பத்தில் இத்தகைய கருவி உருவாக்கிய பகுதிகளைத் தெரிவிக்க வேண்டும். மனிதர் படைத்த பகுதிக்கே உரிமை கிடைக்கும். பின்னணி வானத்தைக் கருவியிடம் வாங்கிய ஓவியர் அதைச் சொல்லாமல் விட்டால், விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட எழுத்தாளரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

எழுதிய ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்கான கட்டணம் இருவருக்கும் பொதுச் செலவு. முத்திரைத்தாள், சாட்சி ஆகியவை தேவையா என்பதை அவரிடமே கேட்டுவிடலாம். பக்கம்தோறும் இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்கிக் கையொப்பம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் பதற்றமிருக்காது.

4. பணத்தை இரண்டு பையாகப் பிரியுங்கள்

கையிலிருந்து போகும் காசு ஒன்று, உழைப்பு இன்னொன்று. இரண்டையும் கலந்து பேசினால் தீராது. திருத்துநர் ஊதியம், மெய்ப்புப் பார்ப்பவர் ஊதியம், எழுத்துரு உரிமம், அச்சு மாதிரி, வழக்கறிஞர் கட்டணம், அஞ்சல், அச்சு ஆகியவை முதல் பையைச் சேர்ந்தவை. நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் விலைக்கு. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எழுத்துருவை வாங்கும்போது, அச்சுக்கு மட்டும் உரிமமா, மின்னூலுக்குள் பொதிக்கவும் இடமுண்டா என்று படித்துப் பாருங்கள்.

வரவில் எதை முதலில் கழிப்பது என்பதில்தான் மனம் கசக்கும். ஓர் எளிய கணக்கு: நூலின் வரவு 100, எழுத்தாளர் தம் கையிலிருந்து போட்ட செலவு 40. செலவைக் கழித்த பின் சரிபாதி என்றால், எழுத்தாளர் தாம் போட்ட 40ஐ எடுத்துக்கொண்டு மீதியில் 30 பெறுவார், ஓவியருக்கு 30. வரவிலேயே சரிபாதி என்றால், ஓவியருக்கு 50 போகும். எழுத்தாளர் கைக்கு வரும் 50இல் செலவு போக மிஞ்சுவது 10. ‘பாதிப் பாதி’ என்று கைகுலுக்கிய இருவர் ஆளுக்கொரு கணக்கை நினைத்திருக்கலாம். ஆகவே வீதத்தை மட்டும் எழுதாமல், இப்படி ஒரு கற்பனை வரவை எடுத்துக்காட்டாக ஒப்பந்தத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை, நேரத்தை மட்டும் வைத்துப் பங்கு போடுவதும் முறையல்ல, நேரத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் முறையல்ல. எழுத்தாளர் ஒரு மாலையில் மாற்றும் காட்சியை ஓவியர் மறுபடி வரைய ஒரு வாரம் ஆகும். என் கருத்தில், பங்கைச் சமமாக வைத்து, ஒப்புக்கொண்ட திருத்தச் சுற்றுகளுக்கு மேல் மாற்றம் கேட்பவர் அந்த மாற்றத்துக்குத் தனித் தொகை கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. யார் எத்தனை மணிநேரம் உழைத்தார் என்று குறிப்பேடு வைக்கத் தொடங்கும் கூட்டு நெடுநாள் நிற்பதில்லை.

பொதுச் செலவுக்குத் தனியாக ஒரு விரிதாள் போடுங்கள்; தேதி, எதற்கு, எவ்வளவு, யார் கொடுத்தார், ரசீது எங்கே என்று ஐந்து நெடுவரிசை போதும். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவுக்கு மற்றவரின் எழுத்துவழிச் சம்மதம் வேண்டும் என்று முன்பே வரம்பு வையுங்கள்.

பாட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பாடலும் அதன் ஒலிப்பதிவும் சட்டப்படி இரண்டு தனி உரிமைகள். வரி எழுதியவர், மெட்டமைத்தவர் ஒரு பக்கம், பதிவு செய்தவர் மறுபக்கம். பாடல் முடிந்த அன்றே பங்கு வீதங்களை ஒரே தாளில் எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்து, எல்லோரும் கையொப்பமிட்டுவிட்டுக் கலையுங்கள். பதிவுக்கூடத்தில் ஓரிரு யோசனை சொன்னவர் பங்காளியா என்ற கேள்விக்கும் அன்றே விடை தேவை.

5. பெயர் எப்படி வர வேண்டும் என்பதை எழுத்துக்கு எழுத்து முடிவு செய்யுங்கள்

மேலட்டை, உள்தலைப்பு, பதிப்புரிமைப் பக்கம், இணையக் கடையின் விவரக் குறிப்பு ஆகிய நான்கு இடத்திலும் யார் பெயர் முதலில், எந்த அளவில், என்ன அடைமொழியுடன் வரும் என்று முடிவு செய்யுங்கள். தலைப்பெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா என்பதும் இதில் அடங்கும். அட்டையில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக வந்த நூல்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இணையக் கடைகளில் விவரம் ஏற்றும்போது ஆசிரியர் என்ற ஒரே கட்டத்தை நிரப்பிவிட்டு ஓவியரை விட்டுவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. பங்களிப்பாளர் என்று தனிக் கட்டம் இருக்கும், தேடி நிரப்புங்கள்.

படைத்தவராக அறியப்படும் உரிமையைப் பெர்ன் உடன்படிக்கையே தனியாகக் காக்கிறது. பணத்துக்கான உரிமைகளை எழுதிக் கொடுத்த பின்பும் அது நிற்கும். ஆய்வுக் கட்டுரை உலகில் ஒவ்வொருவரின் பங்கையும் 14 வகையாகப் பிரித்துக் குறிப்பிடும் ‘கிரெடிட்’ என்ற முறை நடப்பில் உள்ளது. கரு, எழுத்து, திருத்தம், காட்சிப்படுத்தல், மேற்பார்வை என்று அது பிரிப்பதைப் பார்த்தால், உங்கள் நூலில் விடுபட்ட உழைப்பு யாருடையது என்பது கண்ணில் படும். எங்கள் பட்டியலில் அப்படி விடுபட இருந்தவர் மெய்ப்புப் பார்த்தவர்.

6. கால அட்டவணையில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் குறியுங்கள்

அச்சுத்தாள் மடிப்பினால் நூலின் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் 8இன் அல்லது 16இன் மடங்காக வரும். படக்கதை நூலுக்கு 32 பக்கம் பரவலான அளவு. தலைப்பு, பதிப்புரிமை முதலியன போகக் கதைக்குக் கிடைப்பது 12 முதல் 14 விரிப்பு. வண்ணத்துக்கு விரிப்புக்கு ஒரு வாரம் என்று வைத்தாலே 14 வாரம், அதாவது மூன்று மாதத்துக்கும் மேல். இதற்கு முன்னால் கதைப் பிரதி, சிறுகட்டப் படங்கள் (பக்கங்களைத் தீப்பெட்டி அளவில் வரைந்து பார்ப்பவை), கோட்டுப்படம். பின்னால் பக்க அமைப்பு, மெய்ப்பு, அச்சு மாதிரி. வேறு தொழில் பார்த்துக்கொண்டே செய்பவர்கள் ஓராண்டுக்குக் குறைவாக நாள் குறிக்க வேண்டாம்.

கட்டம்தோறும் ஒரு பூட்டு நாள் வையுங்கள். சிறுகட்டப் படங்களுக்கு இருவரும் ஒப்புதல் அளித்த பிறகு கதையின் வரிசை மாறாது. கோட்டுப்படத்துக்கு ஒப்புதல் அளித்த பிறகு உருவமும் கோணமும் மாறாது. வண்ணம் தொடங்கிய பிறகு சொற்களை மட்டும் தொடலாம். மாற்றம் கேட்க வேண்டியவர் பூட்டு நாளுக்கு முன் கேட்டுவிட வேண்டும். சிறுகட்டப் படத்தில் அழிப்பானால் போகும் தவறு வண்ணத்தில் ஒரு வாரத்தை விழுங்கும் என்பதால், கூட்டத்துக்கான நேரத்தில் பெரும்பங்கைச் சிறுகட்டப் படங்களுக்கே கொடுங்கள். எழுத்தாளர்கள் பொதுவாக அந்தக் கட்டத்தில் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, வண்ணம் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். தீப்பெட்டி அளவுப் படத்தைப் படிக்கப் பழகாதவர், ஓவியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பதில் சொல்ல 7 நாள் என்று வைத்து, அதற்குள் பதில் வராவிட்டால் என்ன பொருள் என்பதையும் எழுதுங்கள். மௌனம் சம்மதம் என்று வைப்பதைவிட, ஒருமுறை நினைவூட்டி இன்னும் 3 நாள் பொறுத்து வேலையைத் தொடரலாம் என்று வைப்பது கண்ணியமானது.

7. கோப்புகளை ஒரே இடத்தில் வையுங்கள்

எழுத்து, படம், பக்க அமைப்பு, ஆவணம் என்று நான்கு உறைகள். கோப்பின் பெயரில் ஆண்டு-மாதம்-நாள். ‘இறுதி’ என்ற சொல் கோப்புப் பெயரில் வரவே கூடாது. ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்று மூன்று கோப்பு இருக்கும் கணினியில் எது அச்சுக்குப் போகும் என்பது தலைவிதி.

தமிழில் செய்பவர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. எழுத்தாளர் யூனிகோடில் தட்டச்சு செய்திருப்பார். பக்கம் அமைப்பவர் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருவில் வேலை செய்பவராக இருப்பார். மாற்றியில் போட்டெடுக்கும்போது மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும் சிதறக்கூடும். யூனிகோடிலேயே அமைத்தாலும், வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ‘கொ’வில் உள்ள கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே பக்கம் அமைத்த பிறகு முழு நூலையும், முதல் மெய்ப்பு எவ்வளவு நன்றாகப் பார்க்கப்பட்டிருந்தாலும், பிடிஎஃப் கோப்பில் மீண்டும் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐக்குக் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக்) குறையக் கூடாது. வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையப்பட்டிருக்க வேண்டும். திரையில் பார்க்கும் ஆர்ஜிபி நிறம் அச்சின் சிஎம்ஒய்கேயில் மங்கும், ஊதாவும் பளிச்சென்ற பச்சையும் குறிப்பாக. அச்சு மாதிரியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள். எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனி அடுக்கில் வைத்தால், பிறகு மொழிபெயர்ப்பு வரும்போது எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். அடுக்குகள் கலையாத மூலக் கோப்பின் நகல் இருவரிடமும் இருக்க வேண்டும்.

8. கருத்துச் சொல்லவும் முடிவெடுக்கவும் முறை வகுத்துக்கொள்ளுங்கள்

எழுத்தில் கடைசிச் சொல் எழுத்தாளருக்கு, படத்தில் ஓவியருக்கு, பக்கத்தில் வடிவமைப்பாளருக்கு. இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். இதற்குப் பொருள், மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பதன்று. எல்லோரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். இழுபறியானால் யார் முடிப்பது என்பதற்குத்தான் இந்த விதி. இரு துறைக்கும் நடுவில் விழும் கேள்விகளுக்கு, உதாரணமாகத் தலைப்புக்கும் அட்டைக்கும், இருவரும் மதிக்கும் ஒரு மூன்றாமவரை முன்பே பெயர் குறித்து வையுங்கள். அவர் உறவினராக இருக்க வேண்டாம்.

கருத்துச் சொல்லும்போது, தீர்வைச் சொல்லாமல் இடத்தையும் விளைவையும் சொல்லப் பழகுங்கள். ‘9ஆம் பக்கத்தில் சிறுமியின் சட்டையைச் சிவப்பாக்குங்கள்’ என்பது உத்தரவு. ‘9ஆம் பக்கத்தைத் திருப்பியதும் என் கண் முதலில் அலமாரிக்குப் போகிறது, சிறுமியைத் தேட வேண்டியிருக்கிறது’ என்றால் ஓவியர் அலமாரியின் நிழலைக் கூட்டலாம், சிறுமியை முன்னால் கொண்டுவரலாம், அல்லது நீங்கள் நினைத்தே பார்க்காத வேறொன்றைச் செய்யலாம். அந்த வேறொன்றுக்காகத்தான் இத்தனை தாளும் எழுதினோம். ஓவியர் எழுத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இதே விதி: வரியைத் திருத்தி எழுதித் தருவதைவிட, எந்த வரியில் தூரிகை நின்றுவிடுகிறது என்று சொல்வது பயன்படும்.

கருத்துகள் வாட்ஸ்அப்பில் பாதி, தொலைபேசியில் பாதி, நேரில் பாதி என்று சிதறினால், எது ஒப்புக்கொண்டது, எது யோசித்துப் பார்க்கலாம் என்று விட்டது என்பது யாருக்கும் நினைவிருக்காது. பேசுவதை எங்கே வேண்டுமானாலும் பேசுங்கள். முடிவை மட்டும் பக்க எண்ணுடன் ஒரே கோப்பில் எழுதுங்கள். குழுவில் மூவருக்கு மேல் இருந்தால், கருத்துகளைத் திரட்டி முரண்பாடுகளைத் தீர்த்து ஒரே பட்டியலாக ஓவியரிடம் கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும். மூன்று பேர் மூன்று விதமாகத் திருத்தச் சொல்லும் படம் மூன்று சுற்று வாங்கும், முதலில் இருந்ததைவிட மோசமாகவும் வரும். எல்லோருக்கும் பிடித்தபடி சராசரியாக்குவது கூட்டு வேலையின் உண்மையான ஆபத்து. இருவர் சொல்வதும் ஏற்கத்தக்கதாக இருந்தால் நடுவழி தேடாமல், இரண்டில் ஒன்றை முழுமையாகச் செய்து பாருங்கள்.

9. விலகும் வழியையும் கணக்கு நாளையும் குறித்து முடியுங்கள்

நோய், இடமாற்றம், பணிச்சுமை, மனமாற்றம் என்று விலகலுக்கு ஆயிரம் காரணம் வரும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, முடித்துக் கொடுத்த பகுதிக்கு என்ன தொகை, வேறொருவர் தொடரலாமா, தொடர்ந்தால் விலகியவர் பெயர் எந்த இடத்தில் வரும், கோப்புகளை எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும் ஆகிய ஐந்துக்கும் விடை எழுதுங்கள். விலகிய ஓவியரின் கோட்டுப்படத்தின் மேல் இன்னொருவர் வண்ணம் தீட்டுவதற்கு அவருடைய எழுத்துவழி அனுமதி தேவை; ஒப்பந்தத்தில் அது இல்லாவிட்டால் முழுதும் புதிதாக வரைய வேண்டியதுதான்.

நூல் வெளியான பிறகு ஆண்டுக்கு இருமுறை கணக்கு அறிக்கை அனுப்புவது என்று வைத்து, அந்த இரு நாளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அச்சிட்டது, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, திரும்பி வந்தது, கையிருப்பு, வரவு, கழித்த செலவு, ஆளுக்கு எவ்வளவு என்பதே அறிக்கை. ஒரு பக்கம் போதும். ஒரு பிரதியும் விற்காத அரையாண்டிலும் சுழியம் என்று போட்டு அனுப்ப வேண்டும். பதிப்பகம் ஒன்றுக்கு நூலைக் கொடுப்பதானால், உரிமைத்தொகையை ஒருவர் கணக்குக்கு மொத்தமாக அனுப்பாமல் இருவருக்கும் தனித்தனியே நேராக அனுப்பும்படி பதிப்பக ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள்; கையொப்பத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.